மூட்டுவலி மாத்திரையும் தைராய்டு மாத்திரையும்



நாட்றம்பள்ளி பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில், தவணையெல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு அக்கா கேட்டார்: "தைராய்டு மாத்திரை தெனமும் போடறேன். முட்டி வலிக்கு மெடிக்கல்ல வாங்கினதையும் போடறேன். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆவாதுன்றாங்களே, நெசமா?" உடனே இன்னும் நாலு பேர் "எனக்கும் அதே கதைதான்" என்றார்கள்.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நேரடியாகப் பெரிய பகை கிடையாது. வலி மாத்திரையோடு கூட வரும் மாத்திரைகளில்தான் சிக்கல். வயிறு எரியாமலிருக்க ஒரு கேஸ் மாத்திரை, எலும்புக்கு ஒரு கால்சியம், ரத்தத்துக்கு இரும்புச்சத்து என்று கொடுப்பார்கள். நாமும் மறந்துவிடும் என்று எல்லாவற்றையும் காலையிலேயே டீயோடு முழுங்கி விடுகிறோம். அந்த அக்காவும் அப்படித்தான் செய்து வந்தார்.

தைராய்டு மாத்திரையின் அளவு மைக்ரோகிராம் கணக்கு. 50 மில்லிகிராம் வலி மாத்திரையில் இருக்கும் மருந்து, 100 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரையில் இருப்பதைப் போல 500 மடங்கு. இத்தனை கொஞ்சமான மருந்தைக் கால்சியமும் இரும்பும் குடலிலேயே பிடித்து வைத்துக்கொண்டால் உடம்பில் என்ன சேரும்? அதனால் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை. டீ, காபி, சாப்பாடு எல்லாம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்பு, வயிற்றெரிச்சல் மருந்து 4 மணி நேரம் கழித்து. வலி மாத்திரை எப்போதும் சாப்பிட்ட பிறகுதான். விடிகாலையில் ஷூ கம்பெனி வேனுக்கு ஓடுகிறவர்கள், ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. தைராய்டு குறைந்தாலே மூட்டும் சதையும் வலிக்கும், காலையில் உடம்பு விறைக்கும். ராத்திரியில் கை விரல் மரத்துப் போகும். நம்ம பக்கத்தில் "மிஷின்ல உக்காந்து தைக்கிறதால வருது" என்று விட்டு விடுகிறோம். வேலையாலும் வரலாம், தைராய்டாலும் வரலாம். தைராய்டு மாத்திரை சரியாகச் சேராமல் வந்த வலிக்கு வலி மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால் எப்படித் தீரும்? டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். மாத்திரை அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும்.

வலி மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரும், பி.பி. ஏறும், கிட்னி கெடும். கம்பெனியில் பாத்ரூம் போகணுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கர்ப்பிணிகள் இதைத் தாமாகப் போடவே கூடாது. தைராய்டு மாத்திரையை நிறுத்தவும் கூடாது. மலம் தார் மாதிரி கருப்பாகப் போனாலோ, கால் வீங்கி சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெயர் தெரியாமல் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் 'செட்' மாத்திரை வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். ஒரே நாளில் வலி பறந்துவிடும். பிறகு முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். ரொம்ப நாளாகப் போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

மருந்தில்லாமலும் கொஞ்சம் வலி குறையும். 2021-ல் நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. முட்டிக்கான பயிற்சி பற்றி உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் விசாரியுங்கள்.

டாக்டரிடம் போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து, சூரணம் இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.