சுற்றி வரும் கட்டளை

கணினியின் வேகத்தைப் பற்றிப் பேசாதார் இன்று இலர். ஒரு வினாடிக்குள்ளே கோடிக்கணக்கான செயல்களை அது செய்து முடிக்கின்றது என்கிறோம். அது மெய்யே. ஆனால், அத்தனை செயல்களுக்கும் உரிய கட்டளைகளை எழுதி வைத்தவர் யார்? ஊணும் உறக்கமும் இன்றி வினாடிக்கு ஒரு கட்டளை வீதம் ஒருவர் எழுதினாலும், ஒரு கோடி கட்டளைகளை எழுதி முடிக்க ஏறக்குறைய 116 நாட்கள் செல்லும். கணினியோ அவற்றைக் கண் இமைக்கும் பொழுதிலே செய்துவிட்டு, அடுத்தது யாது என்று காத்து நிற்கும். இத்தகைய ஒரு வேலைக்காரனுக்கு வேலை கொடுத்து மாளுமா?

மாளும். சில கட்டளைகளை மட்டும் எழுதி, அவற்றையே திரும்பத் திரும்பச் செய்யுமாறு பணித்துவிட்டாற் போதும். கணினிக்கு எழுதப்படும் கட்டளைத் தொகுதியைச் செய்நிரல் என்றும், அதில் இவ்வாறு சுற்றி வரும் பகுதியை மீள்செயல் என்றும் நம் பாடநூல்கள் வழங்குகின்றன. லூப் என்னும் ஆங்கிலப் பெயரும் மாணவர் வாயிலே பழகிவிட்டது.

துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த காலத்தை நேயர்களிற் சிலரேனும் அறிவீர்கள். பட்டையைக் கிணற்றுள் இறக்கு, நீரை மொள், மேலே தூக்கு, வாய்க்காலில் ஊற்று: வேலை இந்த நான்கே. தோட்டக்காரர் ஒவ்வொரு பட்டைக்கும் இவற்றைச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. ‘நூறு பட்டை இறை’ என்பார். அல்லது, ‘பாத்தி நிரம்பும் வரை இறை’ என்பார். முன்னையதிலே தடவைகளின் தொகை தொடக்கத்திலேயே தெரியும். பின்னையதிலே அது தெரியாது; ஒவ்வொரு சுற்றின் முன்பும் பாத்தியைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். செய்நிரல் மொழிகள் பலவற்றிலும் காணப்படும் மீள்செயல் வகைகளுள் முதன்மையானவை இவ்விரண்டே.

இனி ஒரு சிறு கணக்கு. ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களைக் கூட்டுதல் வேண்டும். இரண்டு பெட்டிகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றின் பெயர் ‘எண்’. அதில் 1 இருக்கின்றது. மற்றதன் பெயர் ‘கூட்டுத்தொகை’, அதில் 0. கட்டளை இதுதான்: எண் பத்தை விஞ்சாதிருக்கும் வரை, அதைக் கூட்டுத்தொகையுடன் சேர், பின்னர் எண்ணை ஒன்றால் உயர்த்து. முதற் சுற்றின் முடிவிலே கூட்டுத்தொகை 1, இரண்டாவதன் முடிவில் 3, மூன்றாவதில் 6, நான்காவதில் 10. பத்தாவது சுற்று முடிய 55 ஆகின்றது. அப்பொழுது எண் 11, நிபந்தனை பொய்த்துவிட்டது, கணினி வெளியேறுகின்றது. பத்து என்பதை எடுத்துவிட்டுப் பத்து இலட்சம் என்று எழுதினாலும் செய்நிரல் ஒரு வரியேனும் நீளாது.

தொடக்கக்காரர் இடறுவதும் இங்கேதான். ‘பத்தை விஞ்சாதிருக்கும் வரை’ என்பதற்குப் பதிலாகப் ‘பத்துக்குக் குறைவாக இருக்கும் வரை’ என்று எழுதினால் விடை 45. ஒரு சுற்றுக் குறைந்துவிட்டது; கணினி எவ்விதக் குறையும் கூறாது. எண்ணை உயர்த்தும் கட்டளையை மறந்தாலோ கேடு இன்னும் பெரிது. எண் என்றும் ஒன்றாகவே இருக்கும், நிபந்தனை என்றும் மெய்யாகவே இருக்கும், யந்திரம் சுற்றிக்கொண்டேயிருக்கும். மனிதனாயின் நூறாவது தடவையிலே ஐயுற்றுக் கேட்பான். அது கேட்காது.

இக்கருத்து கணினியிலும் மூத்தது. 1843இல் ஏடா லவ்லேஸ் என்னும் ஆங்கிலப் பெருமாட்டி, சாள்ஸ் பாபேச் திட்டமிட்ட பகுப்பாய்வுப் பொறியைப் பற்றி விரிவான குறிப்புகளை வெளியிட்டார். ஒரே செயற் கூட்டம் மீண்டும் மீண்டும் நிகழ்வதை அவர் அங்கே சுழல் என்று பொருள்படும் சொல்லாற் குறித்தார். அந்தப் பொறி முழுமையாகக் கட்டப்படவேயில்லை; செய்நிரல் மாத்திரம் பொறிக்கு முன்னே பிறந்துவிட்டது. பின்பு, 1944இல் ஹாவாட் பல்கலைக்கழகத்திலே இயங்கத் தொடங்கிய ‘மார்க் 1’ என்னும் பெருங்கணிப்பொறி, துளையிட்ட கடதாசி நாடாவிலிருந்து கட்டளைகளைப் படித்தது. கட்டளைகள் மீண்டும் வரவேண்டுமாயின் என் செய்வது? நாடாவின் கடைசியை அதன் முதலோடு ஒட்டி, மாலைபோல் ஆக்கிவிட்டார்கள். லூப் என்னும் சொல்லை அங்கே கையாலேயே தொட்டுப் பார்த்திருக்கலாம்.

நிற்க. நிபந்தனையைப் பிழைபட எழுதுவதனால் வரும் விளைவுக்கு ஒரு மெய்யான நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2008 டிசம்பர் 31ஆம் நாள், மைக்ரோசொப்ற் நிறுவனம் விற்ற ‘சூன்’ என்னும் பாட்டுக் கருவிகளுள் 30 கிகாபைற் வகையைச் சேர்ந்தவை ஒருங்கே செயலிழந்தன. எவரும் அவற்றைக் கீழே போடவில்லை, நீரில் நனைக்கவுமில்லை. காரணம் உள்ளே இருந்த ஒரு மீள்செயல்.

அக்கருவியின் கடிகாரம் 1980ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நாட்களை எண்ணி வைத்திருந்தது. அந்தத் தொகையிலிருந்து நடப்பாண்டைக் கண்டுபிடிப்பது செய்நிரலின் வேலை. ‘நாட்கள் 365ஐ விஞ்சியிருக்கும் வரை சுற்று’ என்பது நிபந்தனை. சாதாரண ஆண்டாயின் 365 நாட்களைக் கழித்து, ஆண்டை ஒன்றால் உயர்த்து. லீப் ஆண்டாயின், மீதி 366ஐ விஞ்சியிருந்தால் 366ஐக் கழித்து, ஆண்டை உயர்த்து. காதால் கேட்கும்போது யாவும் சரிபோலவே தோன்றுகின்றது. ஆயினும் 2008 ஒரு லீப் ஆண்டு. டிசம்பர் 31 அதன் 366ஆவது நாள். முந்திய ஆண்டுகளையெல்லாம் கழித்து முடிந்தபோது எஞ்சியவை சரியாக 366 நாட்கள். 366 என்பது 365ஐ விஞ்சியது; ஆகவே சுற்ற வேண்டும். 366ஐ அது விஞ்சவில்லை. ஆகவே எதையும் கழிக்க இயலாது. கழியாமையால் எண் மாறவில்லை. எண் மாறாமையால் சுற்று முடியவில்லை. வெளியே வர வழி எழுதப்படவேயில்லை.

மறுநாட் காலையிலே எஞ்சியவை 367 ஆயின. 366ஐக் கழிக்க 1 மிஞ்சியது; 2009ஆம் ஆண்டின் முதல் நாள்; மீள்செயல் முடிந்தது. மின்கலம் முற்றாக இறங்கும் வரை விட்டு, ஜனவரி முதலாம் நாள் கிறீன்விச் நேரப்படி நண்பகலுக்குப் பின் மின்னேற்றுங்கள் என்று நிறுவனத்தார் கூறிய மருந்தும் அதுவே. நாள் கடந்ததே மருந்து!

முடிவில்லாச் சுற்று எப்பொழுதும் பிழையன்று என்பதையும் கூறுதல் வேண்டும். வீதிச் சந்தியின் வண்ண விளக்கும், மின்னுயர்த்தியும், வங்கியின் பணப்பொறியும் முடிவின்றிச் சுற்றும்படியே எழுதப்பட்டவை. அவை நின்றாலன்றோ நமக்குத் துன்பம்! வேண்டுமென்று விட்ட முடிவின்மை வேறு. அறியாது நேர்ந்த முடிவின்மை வேறு. எந்தச் செய்நிரலைக் கொடுத்தாலும் அது எப்போதேனும் நிற்குமா, நில்லாதா என்று தவறாது கூறவல்ல பொதுவழி ஒன்று இருக்க முடியாது என்பது, அலன் ரியூறிங் 1936இல் எழுதிய கட்டுரையிலிருந்து பெறப்படும் முடிபாகும். அதைக் கேட்டு மாணவர் சோர வேண்டியதில்லை. அம்முடிபு எல்லாச் செய்நிரல்களுக்கும் பொதுவான ஒரே வழியைப் பற்றியது. நம் கையிலுள்ள பத்து வரிகளைப் பற்றியதன்று. ‘சூன்’ கருவியின் மீள்செயலைச் சோதிக்கக் கடதாசியும் பென்சிலுமே போதியன. 365 என்று போட்டுப் பாருங்கள். 367 என்று போட்டுப் பாருங்கள். பின்னர் இரண்டுக்கும் நடுவே உள்ளதையும் போட்டுப் பாருங்கள்.