உச்சி வெயிலுக்குக் கதவு திறக்கலாமா?

திமிரியில் வீடு கட்டுகிறவருக்கு மணல், சிமென்ட்டைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுச் சுவர்! பாகம் பிரித்துப் பிரித்து மனை ரயில் பெட்டி மாதிரி ஆகியிருக்கும். இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர், வாசலில் ஒரு ஜன்னல், கொல்லையில் ஒரு ஜன்னல். நடு ஹாலில் பகல் பதினோரு மணிக்கும் டியூப் லைட் எரியும். லோன் போட்ட பிள்ளை காலை எட்டு மணிக்கே ராணிப்பேட்டைக்கு பஸ் ஏறிவிடுவான். அந்த இருட்டில் நாளெல்லாம் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவது அம்மாதான்.

மேஸ்திரியைக் கேட்டால் ரெடியாகப் பதில் வைத்திருப்பார்: "இன்னா சார், இதுக்குப் போயி யோசிக்கிற? தளத்துல நாலுக்கு நாலு ஓட்டை வுட்டு, மேல கண்ணாடியப் போட்டுடலாம். சும்மா ஜிலுஜிலுன்னு இருக்கும்!"

வெளிச்சம் இருக்கும். ஜிலுஜிலுதான் இருக்காது.

காரணம், திமிரிக்குச் சூரியன் ரொம்ப நெருங்கிய சொந்தம். வருஷத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும், நடுப்பகலில் அது நேர் உச்சிக்கே வந்து நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. மேகமில்லாத உச்சி வேளையில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் வெயிலின் சக்தி ஏறக்குறைய ஆயிரம் வாட். நாலுக்கு நாலு என்றால் ஒன்றரை சதுர மீட்டர் வருகிறது. சாதா கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். அதாவது, அம்மா தலைக்கு மேல் ஓர் இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்து தொங்கவிட்ட கதைதான்! கரன்ட் பில் மட்டும் வராது.

விளம்பரப் படத்தில் சாய்வுக் கூரை ஜன்னலுக்குக் கீழே வெள்ளைக்காரக் குடும்பம் காபி குடிக்கிறதே என்பீர்கள். அந்த ஜன்னலுக்குப் பேர்போன வெலக்ஸ் கம்பெனி 1941ல் டென்மார்க்கில் பிறந்தது. கோபன்ஹேகனில் நடுக் கோடையில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 58 டிகிரிதான் ஏறும். டிசம்பரிலோ 11 டிகிரி. அவர்கள் வெயிலை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்கள். நமக்கு அழைக்காமலே வந்து உட்காரும் விருந்தாளி அது.

'அப்போ பழைய தொட்டிக்கட்டு வீட்டில் நடுவிலே வானம் தெரிந்ததே?' நல்ல கேள்வி. தொட்டிக்கட்டுக்கு மூடி கிடையாது. வெளிச்சம் இறங்கியது, சூடான காற்று அதே வழியாக மேலே போனது. கண்ணாடி போட்டால் வெளிச்சம் வரும், சூடு வெளியே போகாது. பிரம்மஸ்தானத்தில் வானம் தெரியணும் என்று அடம் பிடிக்கும் வாஸ்து நிபுணரிடமும் இதைத்தான் சொல்ல வேண்டும்.

வழி என்ன? தோல் தொழில்காரர்களைக் கேளுங்கள். தோலின் நிறத்தையும் தழும்பையும் பார்த்துத் தரம் பிரிக்க வடக்கு வெளிச்சம்தான் வாகு என்பது அந்தத் தொழிலின் பழைய பாடம். கண் கூசாது, நிறம் மாறிக் காட்டாது. தொழிற்சாலைகளில் ரம்பப் பல் மாதிரிக் கூரை அமைத்து, பல்லின் செங்குத்துப் பக்கத்தில் மட்டும் கண்ணாடி வைப்பதும் அதற்குத்தான்.

வீட்டுக்கும் அதே வித்தை போதும். தளத்தில் மூன்றுக்கு மூன்று திறப்பு விட்டு, சுற்றிலும் இரண்டரை அடி சுவர் எழுப்பி, மேலே கான்கிரீட் மூடி போட்டுவிடுங்கள். வடக்குப் பக்கம் கண்ணாடி, எதிர்ப் பக்கம் சூடு வெளியேற வென்டிலேட்டர். ஜூன் மாதத்தில் உச்சிச் சூரியன் பத்து டிகிரி போல வடக்கே சாயும். ஓரடி சன்ஷேட் அதைத் தடுத்துவிடும். காலை, மாலைச் சாய்வெயில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், பார்த்துவிட்டுப் போகட்டும். ஐப்பசியில் வடகிழக்குச் சாரல் அடிக்கும் என்பதால் வெறும் கம்பியாக விடாமல் லூவர் கண்ணாடி வைப்பது நல்லது. இதற்கும் கை கடித்தால், மாடிப்படி ஹெட்ரூமிலேயே வடக்கு ஜன்னல் வையுங்கள். எப்படியும் கட்டப்போகிற ரூம்தானே!

இல்லை, தலைக்கு மேல் கண்ணாடிதான் வேண்டும் என்றால், இரண்டுக்கு இரண்டோடு நிறுத்துங்கள். மொட்டை மாடித் தரை மட்டத்தில் பதிக்காதீர்கள். முதல் மழையே ஹாலில் பெய்யும். ஓரடி சுவர் எழுப்பி, கண்ணாடியைச் சாய்வாக வைக்க வேண்டும். டஃபன்டு கண்ணாடி உடைந்தால் கல்கண்டு மாதிரி உதிர்ந்து தலையில் கொட்டும். லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் நடுவில் உள்ள படலத்தில் ஒட்டிக்கொண்டே நிற்கும். தலைக்கு மேலே வைப்பது அதுவாக இருக்கட்டும். மலிவு ஃபைபர் ஷீட் சில வருஷத்தில் மஞ்சள் பூத்துவிடும்.

ஏற்கெனவே கட்டிய வீடா? "அதுக்கென்னா சார், டிரில்லரை வச்சு ஒடைச்சிடலாம்" என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தளத்துக்குள் ஓடும் கம்பிதான் வீட்டைத் தாங்குகிறது. எந்தக் கம்பியை வெட்டலாம், திறப்பைச் சுற்றி எதைச் சேர்க்க வேண்டும் என்று இன்ஜினீயர் பார்த்துச் சொல்லட்டும்.

கண்ணாடிக்குக் கீழே இரும்பு கிரில் கட்டாயம். திருடனுக்காக மட்டுமில்லை. அதன் மேல் வடாம் காயப் போடாதே என்று பாட்டியிடம் சொன்னால் கேட்பாரா என்ன?