ஓரிகன் தடம்

ஓரிகன் தடம் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி ஆற்றங்கரையிலிருந்து மேற்கே ஓரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கு வரை குடியேறிகள் மாட்டு வண்டிகளில் சென்ற, ஏறத்தாழ 3,500 கி.மீ. நீளமான தரைவழி ஆகும். இது எவரும் திட்டமிட்டு அமைத்த சாலை அன்று. தண்ணீரும் புல்லும் கிடைக்கும் ஆற்றோரங்களில் சக்கரங்கள் பட்டுப்பட்டு உருவான பல தடங்களின் தொகுதியே இது.

இவ்வழியின் உயிர்நாடி, இன்றைய வயோமிங் மாநிலத்திலுள்ள தெற்குக் கணவாய் ஆகும். ராக்கி மலைத்தொடரை வண்டிகள் கடக்கக்கூடிய அளவுக்கு இங்கு ஏற்றம் மிக மெதுவானது. மென்மயிர்த் தோல் வணிகரான ராபர்ட் சுடுவர்ட்டின் குழு 1812இல் கிழக்கு நோக்கித் திரும்புகையில் இதனைக் கடந்தது. 1824இல் செடடையா சுமித்தின் குழு இதன் வழியே சென்ற பின்னரே இது பரவலாக அறியப்பட்டது. தொல்குடியினர் இதனை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தமையால், "கண்டுபிடிப்பு" என்னும் சொல் இங்கு அவ்வளவு பொருந்தாது.

1843இல் சுமார் 1,000 பேர் ஒன்றாகப் புறப்பட்டதிலிருந்து பெருங்குடியேற்றம் தொடங்கியது. வசந்தத்தில் புல் முளைத்ததும் கிளம்பி, மலைகளில் பனி விழுமுன் கடந்துவிட வேண்டும். பயணம் நான்கு முதல் ஆறு மாதங்கள் நீடித்தது. வண்டிகளில் உணவும் தட்டுமுட்டுச் சாமான்களும் நிறைந்திருந்ததால் பெரும்பாலோர் நடந்தே சென்றனர்.

திரைப்படங்கள் இப்பயணத்தின் பேராபத்தாகத் தொல்குடியினரின் தாக்குதலையே காட்டுகின்றன. வரலாற்றாளர் சான் உன்ரூவின் கணக்குப்படி, 1840 முதல் 1860 வரை மேற்கு நோக்கிய தரைவழிகளில் தொல்குடியினரால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர். பயணிகளால் கொல்லப்பட்ட தொல்குடியினர் 426 பேர். நோயால் இறந்தோர் இதனினும் மிகப் பலர். ஒரே நீர்நிலைகளின் அருகே கூட்டங்கூட்டமாக முகாமிட்டதால், 1849 முதல் சில ஆண்டுகள் பிளாட் ஆற்றங்கரையில் வாந்திபேதி கடுமையாகப் பரவியது.

நோய் பயணிகளோடு நிற்கவில்லை. 1847இல் தட்டம்மை கயூசு மக்களிற் பலரைக் கொன்றது. மருத்துவரும் சமயப் பரப்பாளருமான மார்க்கசு விட்மனின் சிகிச்சையில் வெள்ளையர் பலர் பிழைக்கத் தம்மவர் மாண்டதைக் கண்டு, அவர் நஞ்சிடுவதாகக் கயூசுகள் சிலர் ஐயுற்றனர். அவ்வாண்டு நவம்பர் 29இல் தொடங்கிய தாக்குதலில் விட்மனும் அவர் மனைவி நார்சிசாவும் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். 1850இல் கயூசுகள் ஐவர் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டமொன்று, தொல்குடியினருடன் நில உடன்படிக்கைகள் நிறைவேறுமுன்னரே, குடியேறிய தம்பதியருக்கு 640 ஏக்கர் வரை நிலம் வழங்கியது.

1869இல் கண்டங்கடக்கும் இருப்புப்பாதை நிறைவுற்றதும் இத்தடத்தின் பயன்பாடு குறைந்தது. வயோமிங்கின் கெர்ன்சி அருகே மணற்பாறையில் ஆழமாகப் பதிந்த சக்கரத் தடங்களை இன்றும் காணலாம்.