சிதறிய தாள்களும் சேர்த்த கைகளும்

அச்சேறிய நூல் ஓர் ஆய்வின் முடிவைக் கூறும். கையெழுத்துப் படியோ அம்முடிவை அடைந்த வழியைக் காட்டும். ஐசக் நியூட்டன் இளமையில் எழுதிய குறிப்பேடு ஒன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. மழுங்கிய ஊசியைத் தம் கண்ணுக்கும் எலும்புக்கும் இடையே செலுத்தி, விழியை அழுத்தியபோது தோன்றிய வண்ண வட்டங்களை அவர் அதில் படம் வரைந்து விளக்கியுள்ளார். ஒளியின் இயல்பை அறியத் தம் பார்வையையே பணயம் வைத்த ஓர் இளைஞரை அத்தாள் நம் கண்முன் நிறுத்துகிறது.

மரபுரிமையும் மதிப்பீடும்

நியூட்டன் 1727இல் உயில் எழுதாமலே மறைந்தார். அவருடைய தாள்கள் உடன்பிறந்தார் மகளின் வழியாகப் போர்ட்ஸ்மத் பிரபுவின் குடும்பத்தை அடைந்தன. அக்குடும்பத்தார் 1872இல் அவற்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். அறிஞர் குழு ஒன்று பல ஆண்டுகள் உழைத்து, 1888இல் அவற்றின் அட்டவணையை வெளியிட்டது. கணிதமும் இயற்பியலும் சார்ந்த தாள்களைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொண்டது. இரசவாதம், இறையியல் முதலியன பற்றிய தாள்கள் அறிவியலுக்குப் பயன்படா எனக் கருதப்பட்டு, குடும்பத்திற்கே திரும்பின.

ஏலமும் இழப்பும்

திருப்பி அனுப்பப்பட்ட தாள்கள் 1936ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலண்டனில் உள்ள சோதபி நிறுவனத்தில் ஏலம் விடப்பட்டன. 329 தொகுதிகளும் இரண்டே நாள்களில் விற்றன. கிடைத்த மொத்தத் தொகை ஒன்பதாயிரம் பவுண்டுக்குச் சற்றே மிகுதி. ஒருவர் கையால் எழுதப்பட்டு, இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் காப்பில் இருந்த தாள்கள் பல வணிகர் கைகளுக்குச் சென்று சிதறின. ஒரு தாளை அதன் அடுத்த தாளோடு ஒப்பிட்டுப் படித்தால்தான் எழுதியவரின் சிந்தனைப் போக்கு புலப்படும். எனவே, அன்று சிதறியவை தாள்கள் மட்டுமல்ல; அவற்றிடையே இருந்த தொடர்பும்தான்.

சேகரித்தவர் இருவர்

பொருளியல் அறிஞர் ஜான் மேனார்டு கீன்ஸ் இவ்விழப்பை உணர்ந்தார். ஏலத்தில் சிலவற்றை வாங்கிய அவர், பின்னர் வணிகரிடமிருந்தும் பலவற்றைத் தேடிப் பெற்றார். இரசவாதத் தாள்களில் பெரும்பகுதி அவரிடம் சேர்ந்தது. இறையியல் தாள்களை ஆபிரகாம் யகூதா என்னும் அறிஞர் திரட்டினார். கீன்ஸின் சேகரிப்பு அவர் மறைந்த 1946இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குக் கிடைத்தது. யகூதாவின் சேகரிப்பு இன்று எருசலேமிலுள்ள இசுரேல் தேசிய நூலகத்தில் உள்ளது.

அத்தாள்களைப் படித்த கீன்ஸ், நியூட்டனைப் பற்றி நிலவிய கருத்தையே மாற்றினார். ஈர்ப்பு விதியை வகுத்த அதே அறிஞர், உலோகங்களின் மறைபொருளைத் தேடி உலைக்களத்தின் முன் பல்லாண்டுகள் செலவிட்டவர் என்பதை உலகம் உணர்ந்தது. பயனற்றவை என ஒதுக்கப்பட்ட தாள்களே நியூட்டனின் முழு உருவத்தைக் காட்டின.

அனைவர்க்கும் உரிய செல்வம்

அரிய கையெழுத்துப் படியை விலை கொடுத்து வாங்குபவர் அதனைப் பெட்டியில் பூட்டியும் வைக்கலாம். பலர் பயிலும் நூலகத்திற்கும் வழங்கலாம். கேம்பிரிட்ஜ் நூலகம் 2011 முதல் நியூட்டனின் தாள்களை மின்னணுப் படிமங்களாக இணையத்தில் வெளியிட்டு வருகிறது. வெவ்வேறு நாடுகளில் உள்ள தாள்களை இன்று ஒரே திரையில் ஒப்பிட்டுப் படிக்க இயலும். ஒரு தலைமுறை பயனற்றது எனத் தள்ளியதை அடுத்த தலைமுறை தேடிப் படிக்கக்கூடும். அதுவரை அதனை அழியாமல் காப்பதே சேகரிப்பின் பயனாகும்.