ஏமாந்தவர் வாய் திறக்கட்டும்

2015 ஜனவரியில் வங்கதேச மத்திய வங்கியின் ஊழியர்கள் சிலருக்கு வேலை கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. வங்கியில் சேர ஆவலாக இருப்பதாகவும், பயோடேட்டாவை இந்த இணைப்பில் பார்க்கலாம் என்றும் பணிவாக எழுதியிருந்தது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பின்னர் நீதிமன்றத்தில் சொன்னபடி, இத்தகைய மின்னஞ்சல்கள் வழியாகத்தான் திருடர்கள் வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தார்கள். ஏறத்தாழ ஓராண்டு சத்தமில்லாமல் உள்ளேயே இருந்து வேவு பார்த்தவர்கள், 2016 பிப்ரவரியில், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் வங்கதேசம் வைத்திருந்த கணக்கிலிருந்து 95 கோடி டாலரை மாற்றச் சொல்லி 35 உத்தரவுகளை அனுப்பினார்கள். பெரும்பாலானவை நியூயார்க்கிலேயே தடுக்கப்பட்டன. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர் மீண்டு வந்தது. பணம் பெறவிருந்த அமைப்பின் பெயரில் எழுத்துப்பிழை இருப்பதைக் கண்டு இடையில் இருந்த வங்கி விளக்கம் கேட்டதும், இவ்வளவு பெரிய தொகையா என்று இலங்கை வங்கியில் சந்தேகம் எழுந்ததும்தான் காரணம்.

இப்படிப்பட்ட சம்பவங்களிலிருந்து நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் பெரும்பாலும் ‘தெரியாத இணைப்பைத் தொடாதே’ என்பதோடு நின்றுவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரையும் உட்காரவைத்து, படம் காட்டி, சில கேள்விகளுக்கு விடை வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுத்தால் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயிற்சி முடிந்தது. ஆனால், இலங்கைக்குப் போன பணத்தை மீட்டது வேறொரு பழக்கம். வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கண்டவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்டார்கள். பயிற்சித் திட்டத்தின் இலக்கு இதுவாகவே இருக்கவேண்டும்: சந்தேகம் வந்தவர் தயங்காமல் கேட்கவேண்டும், ஏமாந்தவர் உடனே வந்து சொல்லவேண்டும்.

பாடம் நடத்தினால் யாரும் ஏமாறமாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கு ஆய்வுகள் துணைநிற்கவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ மருத்துவமனைகளின் 19,500 ஊழியர்களுக்கு எட்டு மாதங்களில் பத்து முறை போலி மின்னஞ்சல் அனுப்பிச் சோதித்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் 1.7 சதவீதம்தான். வெரைசன் நிறுவனத்தின் 2024 அறிக்கை, மோசடி மின்னஞ்சலைத் திறந்தவர் இணைப்பைத் தொட ஆகும் நேரத்தின் இடைநிலை அளவு 21 விநாடி என்கிறது. மேலும் 28 விநாடியில் அவர் தன் விவரங்களையும் கொடுத்துவிடுகிறார். வேலை நெருக்கடியில் இருப்பவரிடம் அந்த ஒரு நிமிடத்துக்குள் வகுப்பறைப் பாடத்தை நினைவுகூரச் சொல்வது நடக்காத காரியம். ஆனால், சூரிச் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழகம் 14,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை 15 மாதங்கள் கவனித்த ஆய்வில் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று கிடைத்தது. சந்தேக மின்னஞ்சலைத் தெரிவிக்க எளிய பொத்தான் ஒன்றைக் கொடுத்ததும், ஊழியர்கள் விரைவாகவும் சலிப்பில்லாமலும் தெரிவித்தார்கள். நூறு பேருக்கு வந்த மின்னஞ்சலை முதல் ஐந்து பேர் காட்டிக்கொடுத்துவிட்டால், மற்றவர்கள் பெட்டியிலிருந்து அதை நீக்கிவிட முடியும்.

ஆகவே திட்டத்தை எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு விடை எளிது. சந்தேகத்தை யாரிடம், எந்த எண்ணில் சொல்வது என்பது முதல் நாளே ஒவ்வொருவருக்கும் தெரியவேண்டும்; சொன்னவருக்கு அன்றே பதிலும் நன்றியும் போகவேண்டும். அடுத்தது, பாடம் வேலைக்கேற்ப மாறவேண்டும். கணக்குப் பிரிவுக்குப் போலி விலைப்பட்டியல், மனிதவளப் பிரிவுக்கு பயோடேட்டா, ஐ.டி. பிரிவுக்குப் பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்லும் தொலைபேசி அழைப்பு என்று பொறி வேறுபடுகிறது. ஆண்டுக்கொரு நீண்ட வகுப்பைவிட மாதம் பத்து நிமிடம், ஊழியர்களுக்குப் புரியும் மொழியில், நடந்த உதாரணங்களோடு பேசுவது மேல். நிர்வாக இயக்குநரும் அதில் உட்காரவேண்டும். அவர் பெயரில்தானே பல போலி உத்தரவுகள் வருகின்றன!

தண்டனை இல்லாவிட்டால் யாருக்குப் பயம் இருக்கும் என்று முதலாளிகள் கேட்கலாம். பயம் வேலை செய்யும்தான். ஆனால், அது தவறைத் தடுப்பதைவிடத் தவறை மறைக்கவே அதிகம் தூண்டும். இந்தியாவில் சைபர் தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற அரசு அமைப்புக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 2022 முதல் விதி. ஊழியர் பயந்துபோய் ஆறு நாள் மறைத்தால் நிறுவனம் எதை அறியும், யாரிடம் சொல்லும்? வேண்டுமென்றே விதியை மீறியவரையும் தெரிந்தே மறைத்தவரையும் தண்டிக்கலாம். ஏமாந்து உடனே சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது.

நல்ல தொழில்நுட்பம் இருந்தால் பயிற்சியே வேண்டாமே என்பது இன்னொரு வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. கூகுள் தன் 85,000 ஊழியர்களுக்கும் பாதுகாப்புச் சாவி எனப்படும் சிறு கருவியைக் கொடுத்த பிறகு, ஃபிஷிங் எனப்படும் இத்தகைய மோசடியால் ஒரு ஊழியரின் கணக்கும் பறிபோகவில்லை என்று 2018-இல் சொன்னது. ஆனால் 2024 தொடக்கத்தில் வெளிவந்த ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் கதையில், கருவி தடுக்க எதுவுமில்லை. மின்னஞ்சலை முதலில் சந்தேகித்த ஊழியர், வீடியோ அழைப்பில் மேலதிகாரிகளின் முகங்களைக் கண்டு நம்பி, ஏறத்தாழ 2.5 கோடி டாலரை அனுப்பிவிட்டார். அந்த முகங்கள் கணினி உருவாக்கியவை. பெரிய தொகை என்றால் ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்கு நாமே அழைத்து உறுதிசெய்வது, இருவர் ஒப்புதல் இல்லாமல் அனுப்பாதது என்ற இரண்டு விதிகளுக்குச் செலவு எதுவும் இல்லை. சிறு கடைக்கும் இது முடியும்.

நிறுவனம் நடத்துபவர்கள் இந்த வாரமே ஒன்று செய்யலாம்: ‘ஏமாந்துவிட்டேன் என்று வந்து சொல்பவர் வேலைக்கு ஆபத்து வராது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அறிவியுங்கள். மற்றப் பயிற்சிகளை அதன்பிறகு தொடங்குங்கள்.