தீவும் ஊரும் – 9: எரிமலையின் கிழக்குச் சரிவு

1493 நவம்பர் தொடக்கம். கொலம்பஸின் இரண்டாவது பயணம், பதினேழு கப்பல்கள். தூரத்தில் மேகம் மூடிய ஒரு மலை. அதன் உச்சியிலிருந்து வெள்ளையாக ஏதோ ஒன்று நேராகக் கீழே இறங்குகிறது. பாறையா, தண்ணீரா? கப்பல்களில் பந்தயம் கட்டினார்கள். கிட்டே போனபோது, தண்ணீர் என்று சொன்னவர்கள் ஜெயித்தார்கள். கூடவே வந்த மருத்துவர் சாங்கா, ஸ்பெயினுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பந்தயத்தை மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார். அவர்கள் பார்த்தது கார்பே அருவி என்பதே பொதுவான கருத்து.

அந்த அருவி இருக்கும் ஊர்தான் காப்பெஸ்தேர்-பெல்-ஓ. வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இருக்கும் கரீபியன் தீவான குவாதலூப்பின் இரண்டு சிறகுகளைப் போன வாரம் பார்த்தோம். மேற்குச் சிறகான பாஸ்-தேரில், சூஃப்ரியேர் எரிமலையின் கிழக்குச் சரிவு முழுக்க இந்த ஊரின் எல்லைதான். எரிமலையின் உயரம் 1,467 மீட்டர். அட்லாண்டிக்கைக் கடந்து வரும் காற்று முதலில் மோதுவது இந்தச் சரிவில்தான்; உச்சியில் ஆண்டுக்குப் பத்து மீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது. கார்பே ஆறு மூன்று இடத்தில் விழுகிறது: 115 மீட்டர், 110 மீட்டர், கடைசியில் 20 மீட்டர். இரண்டாவது அருவியின் அடிவாரம் வரை முன்பு நடந்து போகலாம். 2004 நவம்பர் நிலநடுக்கத்தில் பாறைகள் சரிந்த பிறகு தள்ளி நின்று பார்ப்பதோடு சரி.

கொலம்பஸின் ஆட்கள் கரையிறங்கியது இதே ஊரின் சேந்த்-மரி பகுதியில். பின்னாளில் அங்கே அவருக்குச் சிலையும் வைத்தார்கள். ஏற்கெனவே அங்கே குடியிருந்த கலினாகோ மக்களுக்கு என்ன ஆனது என்றால், 1635-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், சண்டை நடந்தது, 1660-ல் ஓர் ஒப்பந்தத்தின்படி எஞ்சியவர்களை டொமினிக்காவுக்கும் செயின்ட் வின்சென்டுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். பிறகு கரும்பும் ஆப்பிரிக்க அடிமைகளும். 1794-ல் ஒழிந்த அடிமைமுறையை 1802-ல் நெப்போலியன் அரசு மறுபடி கொண்டுவந்தது. 1848-ல்தான் அது முற்றாகப் போனது.

போனதும் தோட்ட முதலாளிகளுக்குக் கை ஒடிந்துபோனது. கரும்பு வெட்ட ஆள் வேண்டும். 1854 டிசம்பரில் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளோடு வந்து சேர்ந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் வந்தவர்கள் சுமார் 42,000 பேர். புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஏறியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பலாம் என்று காகிதத்தில் இருந்தது.

திரும்பாதவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, கிரியோல் பேசி வளர்ந்தார்கள். ஆனால் அவர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள்? இந்தக் கேள்வியைக் கிளப்பியவர் காப்பெஸ்தேரில் 1863-ல் பிறந்த ஆன்ரி சிதம்பரம். 1904-ல் இந்திய வம்சாவளியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போராடினார். கவர்னர் எதிர்த்தார், விவகாரம் வழக்கானது. பத்தொன்பது ஆண்டுகள் இழுத்து, 1923-ல்தான் அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று முடிவானது. காந்தியின் தென்னாப்பிரிக்கப் போராட்டம் நமக்குப் பள்ளிப் பாடம்; அதே காலத்தில் நடந்த இந்த வழக்கு இங்கே யாருக்கும் தெரியாது.

இந்த ஊரின் சாங்ஜி பகுதியில் நெடுஞ்சாலை ஓரமாகவே வண்ணச் சிற்பங்களோடு ஒரு கோயில் நிற்கிறது. மாரியம்மன் அங்கே ‘மாலியேமின்’. தப்பு அடிக்கிறார்கள், ஆடு வெட்டுகிறார்கள், பிறகு எல்லோருக்கும் சோறும் குழம்பும்.

நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சுக் கவிஞர் சேன்-ஜான் பெர்ஸின் பிள்ளைப் பருவத்தில் ஒரு பகுதி, இவ்வூரின் புவா-தெபூ கரும்புத் தோட்டத்தில் கழிந்தது. தன்னை வளர்த்த இந்தியத் தாதி ரகசியமாகச் சிவ வழிபாட்டுப் பூசாரியாக இருந்தாள் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்த வாழ்க்கைக் குறிப்பில் புனைவு அதிகம் என்பார்கள் ஆய்வாளர்கள். தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு வாய்த்த அந்தத் தாதியின் பெயரை அறிய எனக்கு ஆசை.

1928 செப்டம்பர் புயல் பயிர்களை நாசமாக்கியது. அதன் பிறகு, ஓராண்டுக்குள் குலை தள்ளும் வாழை பரவியது. மழையும் எரிமலை மண்ணும் அதற்குத் தோதாக அமைந்தன. வாழைக்கு எதிரி கிழங்குக் கூன்வண்டு. அதைக் கொல்ல 1972 முதல் குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்தைப் போட்டார்கள். தொழிலாளர்கள் அந்த வெள்ளைத் தூளை மரத்துக்கு மரம் குனிந்து அடியில் தூவினார்கள். அதைத் தயாரித்த அமெரிக்க ஆலையில் 1975-லேயே தொழிலாளர்கள் கைநடுங்கி நோயில் விழ, ஆலை மூடப்பட்டது. பிரான்ஸ் 1990-ல்தான் தடை செய்தது. அப்போதும் குவாதலூப்புக்கும் மற்றொரு பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்குக்கும் 1993 வரை விலக்கு.

எரிமலை மண் அந்த நஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. முற்றிலும் போக நூற்றாண்டுகள் ஆகலாம். 1999 வாக்கில் இந்தச் சரிவின் ஊற்றுநீரிலேயே அது தென்பட்டது. சுண்ணாம்புத் தரையான கிழக்குச் சிறகு கிராந்த்-தேருக்குக் குழாயில் போகும் குடிநீரும் இங்கிருந்துதான் போகிறது. கரி வடிகட்டிகளை வைத்த பிறகே நிலைமை சீரானது. (பெல்-ஓ என்றால் அழகிய தண்ணீர்.) இன்று குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் குளோர்தெகோன் இருக்கிறது. 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள், இது சுகாதார ஊழல்தான் என்று ஒப்புக்கொண்டே, யார்மீதும் வழக்கு நடத்த இயலாது என்று கோப்பை மூடினார்கள். மக்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள்.

வாழைப்பழத்தில் இந்த நஞ்சு ஏறுவதில்லை. கப்பலேறி பிரான்ஸுக்குப் போன பழம் சுத்தம். ஏறுவது கிழங்குகளில்: சர்க்கரைவள்ளி, சேம்பு, வள்ளிக்கிழங்கு, அதாவது ஏழை வீட்டுக் கொல்லையில் விளைவது. கொல்லை மண்ணை அரசு இப்போது இலவசமாகச் சோதித்துத் தருகிறது. முடிவு மோசமாக வந்தால் கிழங்கை விட்டுவிட்டுத் தக்காளி போடச் சொல்கிறார்கள்.

அடுத்த வாரம், இந்தக் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் மரி-கலாந்த் தீவு.

(தொடரும்)