வீரனை எதனால் அளப்பது? (6) : பத்தொன்பது தோல்விகள்

சென்ற வாரம் குத்துச்சண்டை வீரர்களான ராக்கி மார்சியானோவின் 49 வெற்றிகளையும், மேவெதரின் 50 வெற்றிகளையும், இருவர் பெயருக்கும் எதிரே தோல்விக் கட்டத்தில் வீற்றிருக்கும் பூஜ்யத்தையும் பற்றிப் பேசினோம். படித்தவர்களுக்கு நினைவிருக்கும், படிக்காதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்வது உத்தமம். இந்த வாரம் எடையைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அதற்குள் அன்பர் ஒருவர் சற்றே கோபமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். இத்தொடரின் முதல் வாரத்திலிருந்தே ஷுகர் ரே ராபின்ஸனைத் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிற நான், அந்த மனிதர் தமது வாழ்நாளில் 19 முறை தோற்றிருக்கிறார் என்ற சங்கதியை ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றும், ஒருபோதும் தோற்காதவனைக் காட்டிலும் 19 தடவை தோற்றவன் உயர்ந்தவன் என்பது எந்த ஊர்க் கணக்கு என்றும் அவர் கேட்கிறார்.

கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லிவிட்டு எடைக்கு வரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த 19 தோல்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கியதில், 1952-ஆம் வருஷம் ஜூன் மாதம் 25-ஆம் தேதி இரவில் நியூயார்க் நகரத்து யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த சண்டை என்னைப் பிடித்துக்கொண்டு மேலே நகரவிடவில்லை.

ராபின்ஸன் அப்போது மிடில்வெயிட் உலக சாம்பியன். 147 ராத்தலுக்குட்பட்ட வெல்டர்வெயிட் வகுப்பில் தமக்கு நிகரில்லை என்று ஸ்தாபித்துவிட்டு, 160 ராத்தல் வகுப்புக்கு ஏறி, 1951-ஆம் வருஷம் பிப்ரவரியில் ஜேக் லமோட்டாவை 13-ஆவது சுற்றில் நிலைகுலையச் செய்து அந்தப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டவர். 1952 ஏப்ரலில் ராக்கி கிராஸியானோவை மூன்றே சுற்றில் வீழ்த்திய பிறகு, அந்த வகுப்பில் ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்கக்கூடிய எதிரி எவரும் அவருக்கு மிஞ்சவில்லை. ஆகவே இன்னும் ஒரு படி மேலே, 175 ராத்தல் லைட் ஹெவிவெயிட் வகுப்பின் சாம்பியனான ஜோயி மாக்ஸிமைச் சவாலுக்கு அழைத்தார். இன்றுபோல் 17 வகுப்புகளும், வகுப்புக்கு நாலு சங்கங்களும், சங்கத்துக்கொரு சாம்பியனும் இருந்த காலமல்ல அது. வகுப்புகள் எட்டே எட்டு, பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரே சாம்பியன். அத்தகைய காலத்தில் மூன்றாவது பட்டத்துக்குக் கைநீட்டுவது எத்தகைய துணிச்சல் என்பதை, சண்டைக்கு முன் தராசு காட்டிய எண்களே சொல்லும்: மாக்ஸிம் 173 ராத்தல், ராபின்ஸன் 157½ ராத்தல்.

சண்டை 23-ஆம் தேதி நடந்திருக்க வேண்டியது. மழை வந்து ஒத்திப்போட்டுவிட்டது. மழைக்குப் பின் வந்தது புழுக்கம். நியூயார்க் நகரமே வெந்துகொண்டிருந்த அந்த வாரத்தில், திறந்தவெளி அரங்கத்தின் நடுவே, சுட்டெரிக்கும் விளக்குகளுக்கு நேர்கீழே அமைந்த கோதாவின் அருகில், இரவு வேளையிலும் உஷ்ணம் 104 டிகிரி பாரன்ஹீட் இருந்தது என்று சொல்கிறார்கள். வேலூர் வாசகர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கக்கூடும். ஆனால் அந்த வெப்பத்தில் திண்ணையில் சாய்ந்துகொண்டு விசிறிக்கொள்வது வேறு, தம்மைவிடப் பதினைந்தரை ராத்தல் கனத்த ஒருவன் மேலே சாய்ந்து அழுத்த, அவனைத் தள்ளியும் சுற்றியும் குத்தியும் 39 நிமிஷம் காலில் நிற்பது வேறு.

பத்து சுற்றுவரை ராபின்ஸன் கண்கொள்ளாக் காட்சியாக ஆடினார். முன்னே பாய்வதும், நாலைந்து குத்துகளைச் சரமாகத் தொடுத்துவிட்டு எதிரியின் கை எழுவதற்குள் விலகிப்போவதும் அவருடைய பாணி. மாக்ஸிமோ வேகம் குறைந்தவர், அதிகம் அடிக்காதவர், ஆனால் அணைத்துப் பிடித்துத் தம் பாரத்தை எதிரியின் தோள்மேல் இறக்கி வைப்பதில் மகா சமர்த்தர். வெயிலுக்கு ஏற்ற சண்டைக்காரர் அவர்தாம் என்பது அப்போது எவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் சுற்றுக்குச் சுற்று ராபின்ஸனே ஜயித்துக்கொண்டிருந்தார்.

முதலில் விழுந்தவர் இருவரில் எவருமல்லர், மத்தியஸ்தர்! ரூபி கோல்ட்ஸ்டீன் என்ற அந்த மத்தியஸ்தர் தாமே ஒரு காலத்தில் பெயர்பெற்ற குத்துச்சண்டை வீரர். ஒரு குத்தும் வாங்காமல், ஒரு குத்தும் விடாமல், பின்னிக்கொள்ளும் இருவரையும் பிரித்துவிடுகிற வேலை ஒன்றையே செய்துகொண்டிருந்தவர். பத்தாவது சுற்று முடிந்ததும் அவரால் தொடர முடியவில்லை. உஷ்ணம் தாங்காமல் தளர்ந்துபோனவரை வெளியே அழைத்துச் சென்று, ரே மில்லர் என்ற இன்னொருவரைக் கோதாவுக்குள் ஏற்றினார்கள். அடிபட வேண்டியவர்கள் நின்றுகொண்டிருக்க, அடியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சாய்ந்த இந்த விநோதத்தைப் படித்ததிலிருந்து, அன்றாடம் சந்திக்கிற நண்பர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாசகர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மத்தியஸ்தருக்கு மாற்று ஆள் உண்டு, ராபின்ஸனுக்கு இல்லை. 11, 12 சுற்றுகளில் அவருடைய கால்கள் தரையைவிட்டு எழ மறுத்தன. பதின்மூன்றாவது சுற்றில், உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி வலது கையை ஒருமுறை சுழற்றி வீசினார்; குத்து மாக்ஸிமைத் தொடவில்லை; வீசிய வேகத்தில் ராபின்ஸனே முகங்குப்புற விழுந்தார். எழுந்தார் என்றாலும், சுற்று முடிந்த மணி அடித்தபோது துணையாட்கள் தாங்கிக்கொண்டுபோய்த்தான் அவரை மூலையிலிருந்த முக்காலியில் உட்கார்த்த வேண்டியிருந்தது. பதினான்காவது சுற்றுக்கு மணி அடித்தது. மாக்ஸிம் எழுந்து வந்தார், ராபின்ஸன் எழவில்லை. சுமார் 200 சண்டைகள் போட்ட அந்த மனிதர், சண்டையை முடிக்காமல் நின்றுபோனது அந்த ஒரே இரவில்தான்.

இனித்தான் எனக்குப் பிடித்த கணக்கு வருகிறது. அந்நாளைய நியூயார்க் முறைப்படி, மத்தியஸ்தரும் இரண்டு தீர்ப்பாளரும் எந்தெந்தச் சுற்று யாருக்கு என்று குறித்து வைப்பார்கள். பதின்மூன்று சுற்று முடிவில் ஒருவர் குறிப்பில் ராபின்ஸனுக்கு 10, மாக்ஸிமுக்கு 3. மற்றொருவர் குறிப்பில் 9-க்கு 3, ஒரு சுற்று சமம். மூன்றாமவர் குறிப்பில் 7-க்கு 3, மூன்று சுற்றுகள் சமம். சண்டை மொத்தம் 15 சுற்று. பாக்கியிருந்த இரண்டையும் ராபின்ஸன் தோற்றே போயிருக்கட்டும். 10-க்கு 5, 9-க்கு 5, 7-க்கு 5 என்று மூவர் ஏட்டிலும் ஜயம் அவருக்கே! ஆறு நிமிஷம், கீழே விழாமல், கைகளை முகத்துக்கு முன் வைத்துக்கொண்டு கயிற்றில் சாய்ந்து நின்றிருந்தாலே போதும், மூன்று வகுப்புகளின் பட்டத்தையும் கண்டவர் என்ற கீர்த்தி அவருக்குக் கிடைத்திருக்கும். பதிவேட்டில் இவற்றில் எதற்கும் இடமில்லை. அங்கே இருப்பது தேதி, ஊர், எதிரியின் பெயர், தோல்வி என்ற ஒரு சொல்.

மாக்ஸிமின் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ராபின்ஸனை வென்றது வெயில்தான் என்று பத்திரிகைகள் ஏகமனதாக எழுதியபோது, தம்முடைய மூலையில் மட்டும் குளிர்ச்சி யந்திரம் வைத்திருந்தார்களா என்ன என்று அவர் கேட்டார். அதே 104 டிகிரியில்தான் அவரும் நின்றார். பலத்தைச் சிக்கனமாகச் செலவிடுவதும் யுத்த சாமர்த்தியத்தில் சேர்ந்ததுதான். எனவே அது முறையான வெற்றி, அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் முறையான வெற்றி என்பதும், வென்றவன் தோற்றவனைவிட உயர்ந்த வீரன் என்பதும் ஒன்றல்லவே! அந்த வருஷம் டிசம்பரிலேயே ஆர்ச்சி மூரிடம் மாக்ஸிம் பட்டத்தைப் பறிகொடுத்தார். இன்று அவர் பெயரை நாம் நினைப்பதற்குப் பிரதானக் காரணமே ராபின்ஸன் அன்று முக்காலியிலிருந்து எழாததுதான்.

தோல்விக் கட்டத்தில் இதைவிடக் கேவலமான எண்களும் உண்டு. மேலே சொன்ன லமோட்டா, 1947 நவம்பரில் பில்லி ஃபாக்ஸ் என்பவரிடம் நாலாவது சுற்றில் தோற்றதாகப் பதிவாகியிருக்கிறது. அது வேண்டுமென்றே தோற்ற சண்டை என்றும், சூதாட்டக் கும்பலின் தயவில்லாமல் பட்டத்துக்கான வாய்ப்பு கிட்டாது என்பதால் அதற்கு உடன்பட்டதாகவும் 1960-இல் அமெரிக்க செனட் கமிட்டியின் முன்னால் அவரே ஒப்புக்கொண்டார். 1949-இல் அவருக்குப் பட்டம் கிடைத்தது. விலைக்கு விற்ற தோல்வியும், வெப்பத்தில் மயங்கிய தோல்வியும் பதிவேட்டில் ஒரே மாதிரிதான் அச்சாகின்றன.

அன்பரின் 19-க்கு வருகிறேன். மாக்ஸிமோடு நடந்த சண்டைக்குப் பிறகு அந்த டிசம்பரில் ராபின்ஸன் ஓய்வு பெறுவதாக அறிவித்து, காலில் ஒலிக்கும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மேடைகளில் நடனமாடப் போய்விட்டார். அதுவரை அவர் தோற்றவை மூன்றே மூன்று: 1943-இல் லமோட்டாவிடம், 1951-இல் லண்டனில் ராண்டால்ஃப் டர்பினிடம், 1952-இல் மாக்ஸிமிடம். எஞ்சிய பதினாறும், நாட்டியம் போதிய வருமானம் தராமல், சேர்த்த பணமும் கரைந்து, 33 வயதுக்கு மேல் மறுபடியும் கையுறை மாட்டிக்கொண்ட பிற்பாடு வந்தவை. அவற்றில் ஐந்து, 44 வயதை அவர் எட்டிய 1965-ஆம் வருஷம் ஒன்றில் மட்டும்! வயிற்றுப்பாட்டுக்காகக் கோதா ஏறிய கிழவரின் தோல்விகளை, யௌவனத்தில் உலகை வென்றவரின் கணக்கில் எழுதுவது எந்தத் தர்மம்?

அந்த மூன்றையும்தான் பாருங்கள். லமோட்டாவிடம் தோற்றது பிப்ரவரி 5-ஆம் தேதி, டிட்ராய்ட்டில், எதிரி சுமார் 16 ராத்தல் கூடுதலான எடையோடு வந்தபோது. 19-ஆம் தேதி நியூயார்க்கில் வேறொருவரோடு மோதி வென்று, 26-ஆம் தேதி அதே டிட்ராய்ட்டில் அதே லமோட்டாவை எதிர்கொண்டு ஜயித்தார். ஒரே மாதத்தில் மூன்று சண்டை! இன்றைய சாம்பியன்களுக்கு இது ஒன்றரை வருஷத்து வேலை. டர்பினிடம் தோற்றதோ, ஐரோப்பா முழுவதும் ஊர் ஊராகப் போய்ச் சண்டை போட்டு, ஜூலை முதல் தேதி இத்தாலியில் ஒருவரை வீழ்த்திவிட்டு, பத்தாம் தேதி லண்டனில் பட்டத்தைப் பணயம் வைத்த அலட்சியத்துக்குக் கிடைத்த கூலி. செப்டம்பரில் நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் அறுபதாயிரம் பேருக்கு மேல் பார்த்திருக்க, புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்த பத்தாவது சுற்றில், இனி மத்தியஸ்தர் நிறுத்திவிடுவார் என்று தெரிந்து சரமாரியாகப் பாய்ந்து டர்பினை முடித்தார். பின்னாளில் ஜீன் ஃபுல்மரிடமும் கார்மன் பஸிலியோவிடமும் 1957-இல் தோற்றபோதும் அப்படியே: ஃபுல்மரை அதே வருஷம் மே மாதத்தில் ஒற்றை இடது கைக் குத்தால் சாய்த்தார், பஸிலியோவிடமிருந்து 1958-இல் பட்டத்தைத் திரும்பப் பெற்றார். தம்மைத் தோற்கடித்தவனை மறுபடி தேடிப்போய் ஜயிக்கும் இந்தச் சக்தி, ஒருபோதும் தோற்காத மார்சியானோவுக்கு இருந்ததா இல்லையா என்று நாம் சொல்லவே முடியாது. பூஜ்யம் அவருடைய பலத்துக்குச் சாட்சியாக நிற்கிற அதே வேளையில், இந்த ஒரு விஷயத்தில் வாய் திறப்பதில்லை.

ராபின்ஸன் மீதுள்ள பட்சபாதத்தால் ஒருபக்கமாகவே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவருடைய வெற்றிக் கட்டமும் முழுக்கப் பரிசுத்தமானதல்ல. ஒரே சமயத்தில் மூன்று வகுப்புகளின் பட்டங்களை வைத்திருந்த மகாவீரர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங்கை அவர் வென்றது 1943 ஆகஸ்டில்; அப்போது ஆம்ஸ்ட்ராங் தேய்ந்துபோன மனிதர், இளம்பிராயத்தில் தாம் தொழுத அவரை வலிக்காமல் அடித்து ராபின்ஸன் பத்து சுற்றும் நடத்திக்கொண்டு போனார் என்று சொல்வதுண்டு. பதிவேட்டிலோ அதுவும் ஒரு வெற்றி. மார்சியானோ 1951-இல் 37 வயது ஜோ லூயிஸை வீழ்த்தியதும், 1980-இல் லாரி ஹோம்ஸ் 38 வயது முகம்மது அலியை அடித்ததும் இந்த ஜாதியைச் சேர்ந்தவைதாம். மேவெதரின் ஐம்பதாவது வெற்றி, தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுவரை ஒருமுறைகூடக் கையுறை மாட்டாத கானர் மக்ரெகரின் மேல் கிடைத்தது.

என் தீர்ப்பு இது: ராபின்ஸனின் பெருமைக்கு நான் முதல் சாட்சியாக அழைப்பது அவருடைய வெற்றிகளில் எதையுமல்ல, மாக்ஸிமிடம் அடைந்த தோல்வியைத்தான். தம் வகுப்பில் பத்திரமாக உட்கார்ந்து எண்ணிக்கையைப் பெருக்கியிருக்கக்கூடிய ஒருவர், பதினைந்தரை ராத்தல் விட்டுக்கொடுத்து உலக சாம்பியன் ஒருவரைப் பதின்மூன்று சுற்று ஆட்டிவைத்தார் என்ற செய்தி அந்த ஒரு வரியில்தான் புதைந்து கிடக்கிறது.

எடையைப் பற்றிய வாக்குறுதி அப்படியே நிற்கிறது. பக்கம் நிரம்பிவிட்டது என்று ஆசிரியர் சொல்லியனுப்பிவிட்டார். அடுத்த வாரம் நிச்சயமாக எடைதான், இடம் இருந்தால் லூயிஸின் 25 பட்டப் பாதுகாப்புகளும். அதற்குள் கடிதம் எழுதுகிற அன்பர்கள், எத்தனை தோல்வி என்று மட்டும் கேட்காமல், யாரிடம், எந்த எடையில், எந்த வயதில் என்பதையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்வது எனக்குச் சுலபமாயிருக்கும்.